சோன்பப்டிக்குப் பதிலாக

போன தீபாவளிக்கு நான் கொடுத்த சோன்பப்டி டப்பா
மூன்று வீடு ஏறி இறங்கி
ஐந்தாம் நாள் என்னிடமே திரும்பியது.
விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிய தடம்
ஓரத்தில் அப்படியே.

இந்த முறை போனஸில் பாதியைச் சரக்காகக் கேட்டேன்.
ஹன்ஸ்ராஜ் சேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கணக்கெழுதுகிறவளுக்குத் தார்ப்பாய் எதற்கு?
சயானில் மழை ஓய்ந்துவிட்டால்
நீலத் தார்ப்பாய் பாதி விலை, சேட்.
அவருக்குத் தெரியாததா.

நாலாவது மாடி சாவந்த் தம்பதிக்கு ஒரு விசில்,
குளியலறை ஆணியில் மாட்டிவைக்கச் சொன்னேன்.
லிஃப்ட்காரர் ராம்தனிக்குக் கைப்பிடி சுற்றினால் எரியும் டார்ச்.
கீழ்வீட்டு நஸ்ரினுக்குக் குழாய் வைத்த இருபது லிட்டர் கேன்.
தங்கை வீட்டுக்குப் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு.

பண்டிகையும் அதுவுமாகக் கயிறா, என்றான்
தங்கை புருஷன் தங்கதுரை.
நுனியில் கொஞ்சம் மஞ்சள் தடவிக் கொடுத்தேன்.

சாவந்த் விசிலை ஊதிப் புறா விரட்டுகிறார்,
காலை ஐந்தே முக்காலுக்கு.
டார்ச்சின் கைப்பிடியைப் பொங்கலுக்குள்
பிள்ளைகள் சுற்றி முறித்தார்கள்.
கேனில் நஸ்ரின் பாஸ்மதி அரிசி வைத்திருக்கிறாள்.
பூச்சி வரவில்லை அக்கா என்று
அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஜூலையில் ஒரு ராத்திரி
தண்டவாளமும் தெருவும் ஒரே தண்ணீர்.
மின்சாரம் போய் மூன்று மணி நேரம் கழித்துத்தான்
எனக்கென்று ஒரு மெழுகுவர்த்திகூட
எடுத்துவைக்கவில்லை என்பது உறைத்தது.
அந்த இருட்டில் தங்கதுரை போன் செய்தான்:
அண்ணி, அந்தக் கயிறை எங்கே வைத்தோம்னு
உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

சிரித்தேன். சிரித்து முடித்ததும்
ஜெபமலரை நினைத்தேன்.

எங்கள் கடையில் பெயின்ட் கலக்குகிறவள்.
ஆயிரத்து எண்ணூறு நிறமும்
எண்ணோடு மனப்பாடம்.
அக்டோபர் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள்.
மணிக்கட்டுக்கு மேலே ஒருநாள் பார்த்துவிட்டேன்.
அந்த நிறத்துக்கு அவளிடம் எண் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு
ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா கொடுத்தேன்.
புதிய டப்பா, உள்ளே பெயின்ட் கிடையாது.
ஆதார் நகல், பாஸ்புக் நகல்
(சம்பளக் கோப்பில் இருந்தவைதான், சேட்டுக்குத் தெரியாது),
நூறு ரூபாய்த் தாள் இருபத்தாறு,
ஆட்டினால் சத்தம் வராதபடி
பஞ்சில் சுற்றிய ஒரு சாவி.
மூடியைச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டி
மேலே சந்தன நிறச் சீட்டு ஒட்டினேன்.
பெயின்ட் டப்பாவை எந்தப் புருஷனும்
திறந்து பார்ப்பதில்லை.

மறுநாள் வந்தாள்.
நன்றி என்று சொல்லவில்லை.
மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்,
எத்தனாவது மாடி?

மூன்று.
பத்து மணிக்கு மேல் லிஃப்ட் ஓடாது.

சரி என்றாள்.
அப்புறம் யாருக்கோ கடல்நீலம் கலக்கப் போய்விட்டாள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது.
டப்பா மான்குர்தில் ஏதோ கட்டிலுக்கடியில் இருக்கும்.
திறந்தாளா தெரியாது. நான் கேட்டதில்லை.

மும்பையில் தனியாக இருக்கிறவள்
இப்படியா இருப்பாய் என்று தங்கை திட்டுகிறாள்.
பூட்டு இருக்கிறதே என்கிறேன்.
வெளியிலிருந்து சாவி போட்டால் திறக்கும் பூட்டு.

உள்தாழ்ப்பாள் மட்டும்
போடுவதில்லை.